இடது பின்பக்கம்

வாயைத் திறக்காதே என்று அப்பா சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, வாய்க்குள் நாக்கைக்கூட அசைக்க வேண்டாம் என்று தானாகவே முடிவெடுத்ததுதான் இன்பராஜுக்குத் தப்பாகப் போயிற்று, ஏனென்றால் அந்த நிமிஷத்திலிருந்து நாக்கு தனி ஆளைப்போல ஆகி மேல்பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, பக்கத்து வீட்டு டி.டி.ஆர். குருசாமி தும்முவதற்கு முன்னால் ஊரையே உள்ளே இழுப்பதுபோல ஒரு மூச்சு இழுப்பாரே அதை இழுக்கட்டுமா என்று கேட்டது, தெருவில் வரும் உப்பு வண்டியின் ஒலிபெருக்கிப் பெண் ‘தூளுப்பூ’ என்று கடைசியில் சுருதி இறங்குவாளே அதையாவது ஒரே ஒரு தரம் என்று கெஞ்சியது. இன்பராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். பதினேழு வயசில் ஒருவன் இப்படி நிற்பது அநியாயம். ஹாலில் ஃபேன் ஓடவில்லை, ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கியாகிவிட்டது, ஜன்னல்கள் சாத்தியிருந்தன, வெளியே மதுரை வெயில் ரயில்வே காலனியின் ஓட்டு வீடுகளை ஒவ்வொன்றாக வறுத்துக்கொண்டிருந்தது. சோபாவுக்கு நடுவில் தலையணை, தலையணைமேல் அப்பா வண்டிக்குக் கொண்டுபோகும் இரும்புப் பெட்டி, பெட்டிமேல் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு மைக். உட்கார்ந்திருக்கும் ஆளின் காது உயரத்துக்கு மைக் இருக்க வேண்டும் என்று ஹோம் தியேட்டரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததால் காலையிலிருந்து கட்டிய கோபுரம். டிவிக்குப் பக்கத்தில் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் வலது ஒன்று, இடது ஒன்று, மூலையில் தடிமாடு மாதிரி ஒரு ஊஃபர். ஹோம் தியேட்டர்ப் பெட்டிக்காரன் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ‘வ்யூப்’ என்று ஒரு சத்தத்தை அனுப்பி, அது மைக்குக்கு வந்து சேரும் நேரத்தையும் அளவையும் வைத்து எது எங்கே இருக்கிறது, எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வான். அதுவரைக்கும் வீட்டில் ஒரு சத்தம் வரக் கூடாது. வ்யூப். முன் இடது. வ்யூப். நடு. என்ன அழகான சத்தம், ஒரு குருவியைப் பிடித்து ரப்பர் மாதிரி இழுத்துவிட்டால் இப்படித்தான் கத்தும், தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிக்க வேண்டும், தெரியும், காலையில் செய்துதான் பார்த்தாயிற்றே.

காலையில் செய்தது கொஞ்சம் அதிகப்படிதான். முதல் தடவை பெட்டி அளந்துகொண்டிருந்தபோது, இடது பின்பக்கத்து முறை வந்ததும், சோபாவுக்குப் பின்னாலிருந்து இவனும் ஒரு ‘வ்யூப்’ விட்டான், அச்சு அசலாக, ஒரு மூச்சு தள்ளி. பெட்டி நம்பிவிட்டது. டிவியில் வந்த கணக்கைப் பார்த்தால், இடது பின்பக்க ஸ்பீக்கர் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி குருசாமியின் குளியலறையில் இருப்பதாகப் போட்டிருந்தது. இன்பராஜ் தரையில் உருண்டு சிரித்தான். ஒரு மெஷினையே ஏமாற்றியவன் இந்தக் காலனியில் வேறு யார் இருக்கிறார்கள். ஆனால் அப்பா சிரிக்கவில்லை, அது பரவாயில்லை, திட்டவும் இல்லை. அதுதான் அப்போதிருந்து செருப்புக்குள் மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. தவமணி என்கிற அந்த மனுசன், பத்தொன்பது வருசமாக ரயில் என்ஜின் ஓட்டுகிறவர், வீட்டில் டம்ளர் இடம் மாறி இருந்தால்கூட ‘யார் எடுத்தது’ என்று விசாரணைக் கமிஷன் வைக்கிறவர், இத்தனை கெடுத்துவிட்டவனைப் பார்த்து, “முதல்லருந்து போடுவோம்” என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் என்றால் இன்பராஜுக்குத் தெரியும், கோபத்தில் அப்பா ‘ல’வை அழுத்துவார், ‘எல்ல்லாம்’ என்பார். இது வேறு என்னவோ, இன்னும் இவன் நாக்குக்குப் பிடிபடாத ஒன்று. அதைத் திரும்பத் திரும்ப உள்ளே சொல்லிப் பார்த்தான், முதல்லருந்து போடுவோம், முதல்லருந்து போடுவோம், கிட்டே வந்தது, நழுவியது. வ்யூப். வலது பின்பக்கம். வ்யூப். இடது பின்பக்கம். இந்தத் தடவை வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

“முடிஞ்சிருச்சா, நான் மிக்ஸி போடலாமா, இல்ல அம்மிய வாடகைக்கு எடுக்கணுமா” என்று அடுப்படி வாசலில் தேங்காய்ச் சில்லோடு அம்மா நின்றாள். மங்கையர்க்கரசி என்று பெயர், காலனியில் எல்லாருக்கும் மங்கை. “டிவில வர்ற சத்தமே தெருமுனை வரைக்கும் கேக்குது. இதுல அஞ்சு பக்கமும் வேற கேக்கணுமாம். ஏங்க, சாயங்காலம் வண்டிக்குப் போறவரு ரெண்டு மணி நேரம் படுத்து எந்திரிச்சாத்தான் என்ன.” அப்பா டிவியில் வரும் அளவுகளைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் கொஞ்ச நேரம்” என்றார். “கொஞ்ச நேரம்னா உங்க ரயில்வே கொஞ்ச நேரமா, எங்க கொஞ்ச நேரமா” என்றாள் அம்மா, உள்ளே போனாள், மிக்ஸி போடவில்லை, பாத்திரத்தைக்கூட மெதுவாக வைத்தாள். அம்மாவின் அந்த ‘எங்க கொஞ்ச நேரமா’வை இன்பராஜ் பத்திரமாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டான், ‘கொ’வில் ஒரு சின்ன இடி இருந்தது. அளவெல்லாம் சரியாக வந்திருந்தது. இடது பின்பக்கம் குருசாமி வீட்டிலிருந்து திரும்பி வந்து, ஒழுங்காகச் சோபாவுக்குப் பின்னால், இருக்க வேண்டிய தூரத்தில் இருந்தது. அப்பா இரும்புப் பெட்டியை இறக்கிவிட்டு மைக் இருந்த இடத்தில் தான் உட்கார்ந்தார். ஏதோ ஒரு மழைச் சத்தம் போட்டார், கடைக்காரர் கொடுத்த மாதிரிப் படம், காடு, மழை, தூரத்தில் இடி. அட. இன்பராஜுக்குக் கழுத்துமயிர் நின்றது. மழை முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து தோளைத் தாண்டி முன்னால் போயிற்று. வலது பக்கம் ஒரு தவளை, இடது பக்கம் பதில் சொல்லும் தவளை, இரண்டும் கணவன் மனைவி, சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தராசு மாதிரி சமமாக இருந்தது. “செமையா இருக்குப்பா” என்றான். அப்பா தலையைக் கொஞ்சம் திருப்பி, “இங்கிட்டு வரல” என்றார்.

“எங்கிட்டு?” “இந்தப் பக்கம். லெஃப்ட்டு கம்மியா இருக்கு.” “இல்லப்பா, வருது. தவக்களை கத்துதுல்ல.” “கத்துது. கம்மியாக் கத்துது.” ரிமோட்டை எடுத்து இடது பின்பக்கத்தை இரண்டு புள்ளி ஏற்றினார். மனைவித் தவளைக்குக் கோபம் வந்தது. இன்னும் இரண்டு. இப்போது அவள் கணவனை அடித்தாள். முன் இடதையும் ஏற்றினார். மழை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வீடே இடது பக்கம் ஒழுகுகிற மாதிரி ஆயிற்று. இன்பராஜுக்குப் பல் கூசியது. “அப்பா, அது மைக்கு வச்சு அளந்ததுப்பா, மெஷினு தப்பு பண்ணாது.” “காலைல பண்ணுச்சுல்ல” என்றார் அப்பா. அது என் தப்பு, மெஷினுக்கு என் வாய்தான் குரு என்று சொல்லலாம், சொல்லவில்லை. “இப்பதான் சரியா இருக்கு” என்று அப்பா சாய்ந்துகொண்டார், மழை இடது காதில் சுத்தியல் மாதிரி அடித்துக்கொண்டிருந்தபோது. இன்பராஜ் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தான். இல்லை. சரியாக இல்லை. எந்தக் காதுள்ள மனுசனுக்கும் இது சரியாக இருக்காது. அப்படி நினைத்ததும் அந்த வார்த்தை அங்கேயே நின்றுகொண்டது. காதுள்ள. காதுள்ள மனுசன். சட்டைக் கை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டால் உடம்பு முன்னால் போய்த் திரும்ப இழுபடுமே, அப்படி நினைப்பு முன்னால் போய்ப் போய் அந்த இடத்துக்கே வந்தது.

சும்மா இரு, வயசானால் எல்லாருக்கும் இப்படித்தான், அப்பாவுக்கு வயசாகவில்லை, நாற்பத்தேழு ஒரு வயசா, ஹாரன் சத்தத்திலேயே இருந்தால் காது கொஞ்சம் மந்தமாகத்தான் செய்யும், ஆனால் மந்தம் என்றால் இரண்டு பக்கமும்தானே மந்தமாக வேண்டும். பெருமாள்சாமி. ஆமாம், பெருமாள்சாமி விஷயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. பெருமாள்சாமி என்பவர் எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று ஆள் போடுகிற லாபியில் இருக்கிறவர், மூக்கால் பேசுவார், போனில் அவர் குரல் கேட்டால் அப்பா தூக்கத்திலும் எழுந்து நிற்பார். இன்பராஜின் கையிலிருந்ததிலேயே உயர்ந்த சரக்கு அந்தக் குரல்தான். அப்பா அலமாரிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது நடைவழிப் பக்கமாகப் பூனைபோல வந்து, காதுக்குப் பின்னால், “தவமணி சார், லாபிலருந்து பேசுறேன், வண்டி இருக்கு சார்” என்றால் போதும், பேப்பர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். வருசக்கணக்காக ஓடிய நாடகம். மாசியிலிருந்து ஓடவில்லை. முதல் தடவை அப்பா அப்படியே பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவது தடவையும் அப்படியே. இவன் என்ன நினைத்தான், எவ்வளவு பெரிய முட்டாள், தன் பெருமாள்சாமி பழசாகிவிட்டார் என்று நினைத்தான். பிளஸ் ஒன் வந்ததிலிருந்து குரலில் விழுந்த கரகரப்பு மூக்கொலியைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து, குளியலறையில் வாளியைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு நாள்கணக்காகப் பயிற்சி செய்தான். வெளியிலிருந்து அம்மா, “உள்ள யார்ரா, ரயில்வே ஆபீசரா குளிக்கிறாரு” என்று கேட்கும் அளவுக்கு நன்றாக வந்தது. மறுபடி போய்ச் சொன்னான். அப்பா பக்கத்தைப் புரட்டினார். நாற்காலிக்கு நடைவழி எந்தப் பக்கம். இடது பக்கம். வேண்டாம், இதை யோசிக்க வேண்டாம். தவளை கத்தட்டும். சாப்பாட்டு நேரத்தில் அம்மா ரசம் வேண்டுமா என்று இடது பக்கம் நின்று கேட்டால் அப்பா முழு உடம்பையும் திருப்பி ‘ம்?’ என்பாரே, அதை அசல் மாதிரியே நடித்து நண்பர்களைச் சிரிக்க வைத்தானே, அந்த முழு உடம்புத் திருப்பலைக்கூட, தோளிலிருந்து தொடங்கி, கண் கடைசியில். எல்லாவற்றையும் எடுத்து நடித்திருக்கிறான். என்னவென்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

மணி என்ன. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் அப்பா கழற்றிவிட்டார், அது டிக் டிக் என்கிறதாம். சாயங்காலம் செங்கோட்டை வண்டி. வெயில் சாய்ந்ததும் அப்பா சட்டை போட்டுக்கொண்டு இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். என்ஜினுக்குள் ஒரு தடவை அப்பா ஏற்றிக் காட்டியிருக்கிறார், ஷெட்டில் நின்றுகொண்டிருந்த என்ஜின். டிரைவர் இடது பக்க ஜன்னலோரம், உதவி டிரைவர் வலது பக்கம். உதவி டிரைவர் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். ‘பச்சை’ என்று இவன் உதவி டிரைவராக நின்று கத்த, ‘பச்சை’ என்று அப்பா திருப்பிச் சொன்னார், இவனுடைய மிமிக்ரியையே ரயில்வே சட்டமாக வைத்திருக்கிறது என்று இவன் குதித்தான். வலது பக்கத்திலிருந்து வரும் குரல். அப்படியானால் அதெல்லாம் கேட்கும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. இடது பக்கம் என்ன இருக்கிறது, காற்று, ஜன்னல், தண்டவாளத்து ஓரத்தில் வேலை செய்கிற ஆட்கள். அந்த ஆட்களில் ஒருவன் முன்னால் தண்டவாளம் உடைந்திருக்கு என்று இடது பக்கத்திலிருந்து கொடியை ஆட்டிக்கொண்டு கத்தினால். கொடி தெரியும். இருட்டினால் கொடி தெரியாது, விளக்குத் தெரியும். மழையாக இருந்தால். போதும், நிறுத்து. திருமங்கலம், விருதுநகர், சிவகாசி என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது, இன்பராஜின் தலைக்குள், இடது பக்கம் முழுக்கச் சத்தமே இல்லாமல். பெட்டிகளில் ஆட்கள் தூங்கினார்கள், முறுக்கு தின்றார்கள், பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருக்கிறவருக்கு ஐந்து பக்கமும் கேட்கிறது என்று அத்தனை பேரும் நம்பிக்கொண்டு.

சொன்னால் என்ன ஆகும், அதையும் யோசித்துவிடுவோம். காது இல்லாத டிரைவரை என்ஜினில் ஏற்ற மாட்டார்கள். ஆபீசில் உட்கார வைப்பார்கள், ஏதோ ஒரு மேஜை, ஏதோ ஒரு ஃபைல், மேலே ஒரு ஃபேன். அப்பாவை மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தான், முடியவில்லை, அவர் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனார். தீபாவளிக்குக்கூட வண்டி என்றால் ‘கூப்பிடுறாங்க’ என்று ஒரு சிரிப்போடு கிளம்புகிறவர். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். வருகிற வாரம் ரயில்வே ஆஸ்பத்திரியில் டிரைவர்களுக்கு வழக்கமாக நடக்கிற சோதனை இருக்கிறது, கண், காது, சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், நாம் எதற்கு. அப்பா போன தடவை அதை வீட்டில் நடித்தே காட்டினாரே, இவன் அப்பாவிடமிருந்து திருடாமல் அப்பாவாகக் கொடுத்த ஒரே நடிப்பு: கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு காதாக, கீய்ங் என்று மெலிசாக ஒரு சத்தம் அனுப்புவார்களாம், கேட்டால் விரலைத் தூக்க வேண்டுமாம். ‘கீய்ங், விரலு, கீய்ங், விரலு, கல்யாண வீட்டுல மொய் எழுதுற மாதிரி வரிசையா வரும்டா’ என்றார். ஆக வருகிற வாரம் தெரிந்துவிடும். இன்றைக்கும் வருகிற வாரத்துக்கும் நடுவில் எத்தனை வண்டி. தான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், தவளைதான் பிசகாக இருக்கிறதோ என்னவோ, கடையில் கொடுத்த படம்தானே.

“இன்பா, பின்னால போய் அந்த ஸ்பீக்கர் நேரா இருக்கான்னு பாரு” என்றார் அப்பா. மழையை நிறுத்திவிட்டு வேறு ஏதோ பொத்தானை அழுத்தினார். ‘ஷ்ஷ்ஷ்’ என்று ஒரு இரைச்சல் முன் இடதில் தொடங்கியது, கொஞ்ச நேரம் நின்று நடுவுக்குப் போயிற்று, அப்புறம் முன் வலது, பின் வலது, பின் இடது, மறுபடி முன் இடது. ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதிக்கிற சத்தம், செக்குமாடு மாதிரி அறையைச் சுற்றி வந்தது. இன்பராஜ் சோபாவுக்குப் பின்னால் போய், இடது பின்பக்க ஸ்பீக்கரின் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அங்கிருந்து அப்பாவின் பின்தலை தெரிந்தது, சுழி தெரிந்தது. அப்பா சோபாவின் வலது கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, தலையை வலது உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டார், மத்தியான வேளையில் யாரும் சாய்வதுபோல. கண்ணை மூடியிருக்க வேண்டும். இல்லை, யாரும் சாய்வதுபோல இல்லை. ஒரு விரல் காதுக்குள் இருந்தது. வலது காதை அழுத்தி அடைத்திருந்தார். சோபாவின் ஓரமாகத் தெரிந்த இடது கை தொடைமேல் இருந்தது, ஷ்ஷ் வந்தபோது இடது கையின் ஆள்காட்டி விரல் எழுந்தது, நின்றதும் இறங்கியது. அடுத்த ஸ்பீக்கர், விரல் எழுந்தது, இறங்கியது. அடுத்தது. பின் இடது, இன்பராஜின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி ஷ்ஷ் என்று கத்தியது, அப்பாவின் விரல் எழுந்தது. இன்பராஜுக்கு உயிர் வந்தது. கேட்கிறது. வலது காதை அடைத்த பிறகும் கேட்கிறது, இடது காதால் கேட்கிறது, நான்தான் முட்டாள், பெருமாள்சாமிதான் கெட்டுப்போய்விட்டார், வாளியைக் கவிழ்த்து இன்னும் பயிற்சி செய்ய வேண்டும். எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது, குருசாமி மாதிரி தும்ம வேண்டும்போல இருந்தது, இந்தச் சந்தோஷத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும், கை பரபரத்தது. ஸ்பீக்கரின் முதுகில் வயரைப் பிடித்திருக்கும் கிளிப் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு விளையாட்டு. ஷ்ஷ் முன்னால் போய்ச் சுற்றி வருவதற்குள் கிளிப்பை அழுத்தி வயரை உருவிவிட்டான். இப்போது அந்த முறை வரும்போது சத்தம் வராது, அப்பா கண்ணைத் திறந்து, ‘எங்கடா போச்சு’ என்று தேடுவார், இவன் பின்னாலிருந்து வாயால் ‘ஷ்ஷ்ஷ்’ என்று விடுவான், அப்பா இந்த ஒரு தடவையாவது துள்ளுவார். முன் இடது, விரல். நடு, விரல். முன் வலது, விரல். பின் வலது, விரல். பின் இடது, ஸ்பீக்கர் ஊமையாக நின்றது, வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை, அடுப்படியில் அம்மா வளையல்கூட அசையவில்லை. அப்பாவின் விரல் எழுந்தது. சரியாக அந்த நேரத்துக்கு எழுந்து, சரியாக அத்தனை நேரம் நின்று, இறங்கியது.

வாயில் வைத்திருந்த ‘ஷ்ஷ்’ அப்படியே நின்றுவிட்டது. வயர் கையில் இருந்தது, இரண்டு செப்பு நுனியும் வெளியே. தாளம். அப்பா தாளத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். கீய்ங், விரலு, கீய்ங், விரலு, வரிசையா வரும்டா. கிரிக்கெட்டுக்காக வாங்கியது இல்லை இது, படத்துக்காக வாங்கியது இல்லை. ஊரில் ஒரு காது டாக்டரிடம் போனால் காலனி முழுக்கத் தெரிந்துவிடும் என்று, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தன் காதைத் தானே சோதித்துப் பார்க்க ஒரு மெஷினைக் கடையிலிருந்து பெட்டியோடு தூக்கி வந்திருக்கிறார், பெண்டாட்டி பிள்ளையை வாய் மூட வைத்து, ஃபிரிட்ஜை நிறுத்தி. ஷ்ஷ் மறுபடி முன்னாலிருந்து சுற்றி வந்துகொண்டிருந்தது. மறுபடி வந்தது. மறுபடி ஊமை ஸ்பீக்கருக்கு விரல் எழுந்தது. மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. கிளிப்பை அழுத்தி நுனியைச் சொருகினால் முடிந்தது, எழுந்து போய் ‘நேரா இருக்குப்பா’ என்று சொல்லிவிடலாம், அப்பா சட்டை போடுவார், பெட்டியைத் தூக்குவார். நுனியைக் கிளிப்புக்குக் கொண்டுபோனான். செங்கோட்டை வண்டியில் யாரோ ஒரு பிள்ளை ஜன்னலோரம் எனக்கு என்று அடம்பிடித்தது. கையை இறக்கினான். சொல்ல வேண்டும். யார் குரலில் சொல்வது. பெருமாள்சாமி குரலில் சொன்னால் அது விளையாட்டாகப் போய்விடும். டாக்டர் குரலில், எந்த டாக்டர், இவன் பார்த்ததில்லை. அம்மாவின் குரலில் சொன்னால் அப்பா உடைந்துவிடுவார். உள்ளே இருந்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தான், எல்லாரும் ஏதோ ஒரு வேலை இருக்கிறதென்று நழுவினார்கள். சோபாவைச் சுற்றிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் மண்டிபோட்டு உட்கார்ந்தான், அடைத்திருந்த அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் காதிலிருந்து எடுத்தான். அப்பா கண்ணைத் திறந்தார். இன்பராஜ் மற்றொரு கையில் இருந்த வயரைக் காட்டினான்.

“லெஃப்ட்ல சத்தமே வரலப்பா. நான் கழட்டிட்டேன்.” குரல் தட்டையாக, யாருடையதுபோலவும் இல்லாமல் வந்தது. அப்பா வயரைப் பார்த்தார். ஷ்ஷ் அறையைச் சுற்றிக்கொண்டே இருந்தது, அவர் அதை நிறுத்தவில்லை. “எப்பக் கழட்டுன?” “இப்பத்தான். ரெண்டு சுத்து முன்னாடி.” “அதுக்கு முந்தின சுத்துல?” “மாட்டித்தான் இருந்துச்சு.” அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார், ஏதோ ருசியை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல. “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருந்துச்சு” என்றார். காலையில் கேட்ட அதே குரல், முதல்லருந்து போடுவோம் என்ற அந்தக் குரல், இப்போது தெரிந்தது அது என்னவென்று, பயந்த குரல். அப்பா பயந்து இவன் பார்த்ததில்லை, அதனால்தான் பிடிபடவில்லை. “அம்மாட்ட சொன்னியா?” “இல்ல.” “ஆஸ்பத்திரில பாத்துக்கிறேன்டா. அடுத்த வாரந்தான.” இன்பராஜ் பிடித்த கையை விடவில்லை. “இன்னைக்கு மட்டும் போய்ட்டு வந்துர்றேன். நம்ம சுதாகருதான் அசிஸ்டென்ட்டு, நல்லாச் சத்தம் போட்டுச் சொல்லுவான்” என்றார் அப்பா, அதை இவனிடம் கேட்பதுபோலச் சொன்னார், லீவு கேட்கிற பையன் மாதிரி. “போகாதப்பா” என்றான் இன்பராஜ்.

ஷ்ஷ் இன்னும் ஒரு சுற்று வந்தது. அப்பா ரிமோட்டை எடுத்து அதை நிறுத்தினார். வீடு முழுக்க அமைதி விழுந்ததும் அம்மா, “இப்பவாவது போடலாமா” என்று கேட்டுக்கொண்டே வந்தாள், இரண்டு பேரும் இருக்கிற இருப்பைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். அப்பா போனை எடுத்தார். எண்ணைத் தேடுவதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று, தினமும் பேசுகிற எண்தான். வலது காதில் வைத்துக்கொண்டார். “சார், தவமணி. இல்ல சார், கெளம்பல. அதுக்குத்தான். செங்கோட்டைக்கு வேற ஆளப் பாருங்க. காய்ச்சல்லாம் இல்ல சார், காது. லெஃப்ட்டு காது கேக்கல. ஆமா சார். சுத்தமா.” அம்மாவின் கையிலிருந்த தேங்காய்ச் சில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பெருமாள்சாமி ஏதோ கேட்டார், நிஜமான பெருமாள்சாமி, மூக்கால். இன்பராஜுக்குத் தெரியும் என்ன கேட்டிருப்பார் என்று, எப்போதிலிருந்து என்று கேட்டிருப்பார், மாசியிலிருந்து என்று இவனே எடுத்துக் கொடுத்திருப்பான். அப்பா இவனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “பொங்கலுக்கு முன்னாடி இருந்தே சார்” என்றார்.

பொங்கலுக்கு முன்னாடி என்றால் மார்கழி. மார்கழிக்குப் பிறகு தை. தைப்பூசத்தன்று அப்பா பேப்பர் இல்லாமல் வெறும் காப்பி டம்ளரோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இவன் நடைவழிப் பக்கமாக வந்து இடது காதுக்குப் பின்னால் ‘தவமணி சார், வண்டி இருக்கு சார்’ என்றான், அப்பா துள்ளி எழுந்தார், காப்பி வேட்டியெல்லாம் கொட்டியது, ‘மங்கை, சட்டைய எடு’ என்று கத்தினார், அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள், இவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அப்பாவும் கொட்டிய காப்பியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், பயலே, பயமுறுத்திட்டியேடா என்று. அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே அலமாரி, அலமாரிக் கதவு முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. சத்தம் கேட்காமல் அடியெடுத்து வைத்து வருகிற பையன் ஒருவன் அதில் தலையிலிருந்து கால்வரை தெரிந்திருப்பான்.